மடியிலிருந்து மேசைக்கு

“பச்சை மண்ணுக்கு வலி தெரியாது. காலைப் பிடி, குத்து.” 1981இல் நர்ஸ் பயிற்சிக்குப் போன முதல் வாரம் மூத்த சிஸ்டர் சொன்னது இது. தாயை வெளியே அனுப்பிவிட்டுக் குழந்தையை மேசையில் கிடத்துவோம். குதிகாலில் குத்தியதும் வீறிடும். பசிக்கு அழுகிறது என்று சொல்லிக்கொள்வேன்.

எங்கள் வார்டில் பிறந்த சொல் அல்ல அது. பிறந்த குழந்தைக்கு நரம்பின் மேலுறை முழுதாக வளரவில்லை, வலி மூளைக்கு எட்டாது என்றே மேல்நாட்டு மருத்துவர்கள் பலரும் நம்பினார்கள். பயமும் இருந்தது: மயக்க மருந்து சற்றுக் கூடினால் மூச்சு நின்றுவிடுமே! அதனால் குறைமாதக் குழந்தையின் இதயத்தருகே ரத்தக்குழாயைக் கட்டும் அறுவைக்குக்கூடப் பல இடங்களில் சிரிப்பூட்டும் வாயுவும் டியூபோகியூராரினும் மட்டும்தான். பின்னது தசையைக் கட்டிப்போடும், வலியைத் தொடாது. குழந்தை அசையாது, அழாது. வலியில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அழ முடியாதவர்களின் ரத்தத்தைக் கேட்டுப் பார்த்தவர் கன்வல்ஜீத் ஆனந்த். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டு போனவர். குறைமாதக் குழந்தைகள் 16 பேரில் 8 பேருக்கு வழக்கமான மருந்து. மற்ற 8 பேருக்கு அதோடு ஃபெண்டனில் என்ற வலிநீக்கி. வலிநீக்கி கிடைக்காதவர்களின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன்கள் எகிறின. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987 ஜனவரியில் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் பச்சிளங்குழந்தைக்கு மயக்க மருந்து தேவை என்று அறிவித்தது.

இதெல்லாம் என் காதுக்கு வர வருடங்கள் ஆயின. வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டுக் காதுகுத்து. தாய்மாமன் மடி, வாயில் ஒரு துண்டு வெல்லம், அப்புறம்தான் பத்தர் கையில் ஊசி. வலி உண்டு என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. நாங்கள்தான் மடியைப் பிடுங்கினோம்.

2015இல் உலகச் சுகாதார நிறுவனம் தடுப்பூசிக்கு வழி சொன்னது: பெற்றவர் அணைத்துப் பிடிக்கட்டும், குத்தும்போதோ சற்று முன்போ தாய் பால் கொடுக்கட்டும், அதிகம் வலிக்கும் ஊசி கடைசியில்.

பேத்திக்கு ஒன்றரை மாத ஊசி போட்ட அன்று, பழக்கதோஷத்தில் பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். ஊசி போட வந்த பெண் தடுத்தாள்: “இருக்கட்டும்மா. பால் குடிச்சிட்டே இருக்கட்டும்.”