கானிலிருந்து துணிக்கு: மலையகத் தேயிலைச் சரிவுகளில் மண்காப்பு நுட்பங்களின் வரலாறும் ஜியோசிந்தெடிக் பொருட்களின் இடமும்

முன்னுரை

இலங்கையின் மலையகத் தோட்டமொன்றில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கட்டிய தடுப்புச்சுவர் இடிந்து விழுந்தால், மண்ணின் பாரம் தாங்காமல் விழுந்தது என்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கும். 3 மீற்றர் உயரமான சுவரின் பின்னே ஈரம் வடிந்த சாதாரண மண் இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் அது ஏறத்தாழ 2.7 டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் சுவரின் உச்சிவரை தண்ணீர் தேங்கிவிட்டால் அந்த விசை 5.7 டன்னுக்கு ஏறிவிடும். அதில் 4.4 டன்னுக்கு மேல் தண்ணீரின் பங்கு. சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் வடிய வழியில்லாமல் நின்ற மழைநீர்தான்.

மலைநாட்டில் மண்ணைத் தாங்கிப் பிடிக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்த முயற்சிகளை இந்தக் கண்கொண்டே படிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளி வெட்டிய கான் என்ற வடிகாலும், ரயில் பாதையோரக் கல்சுவரும், இன்று வீதித் திட்டங்களில் விரிக்கப்படும் ஜியோடெக்ஸ்டைல் துணியும் தண்ணீருக்கு வழிவிட்டு மண்ணை நிறுத்தும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இத்தகைய துணி, வலை, பாய் வகையான ஜியோசிந்தெடிக் பொருட்கள் செலவையும் காலத்தையும் மிச்சப்படுத்தும் என்று பொறியியல் நூல்கள் பொதுவாகச் சொல்கின்றன. மலையகத்தில் அந்தச் சிக்கனம் எங்கிருந்து பிறக்கிறது, இதுவரை யாருக்குக் கிடைத்தது, இனி யாரைச் சேர வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. காடழிப்பும் கானும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் காலாண்டிலிருந்து கோப்பிக்காக மத்திய மலைநாட்டின் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் கோப்பி இலைத்துரு நோய் பரவத் தொடங்கியதும் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மலைகள் தேயிலை மலைகளாயின. பயிர் மாறியபோதும் நிலத்தைக் கையாளும் முறை மாறவில்லை. புல் பூண்டு ஒன்றும் விடாமல் நிலத்தை வெறுமையாக்கும் களையெடுப்பு நல்ல நிர்வாகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. காட்டின் வேரும் சருகும் பிடித்து வைத்திருந்த மேல்மண் ஒவ்வொரு மழையிலும் ஆற்றுக்குப் போனது.

இதற்குத் தோட்டங்கள் கண்ட விடை கான். சரிவுக்குக் குறுக்காக, மெல்லிய வாட்டத்தோடு வெட்டப்படும் பக்கக் கான்கள் மேலிருந்து பாயும் நீரை இடைமறித்துப் பெரிய கானுக்குக் கொண்டுசேர்க்கும். அதன் தேர்ந்த வடிவத்தில், கானின் உள்ளே இடைவெளி விட்டுச் சிறு மண்தடைகள் நிறுத்தப்படும். நீர் ஒவ்வொரு தடையிலும் தேங்கி, மண்டியை இறக்கிவிட்டு, தெளிந்து வழிந்து அடுத்த குழிக்குப் போகும். குழியில் படிந்த மண்ணைத் தொழிலாளர் மண்வெட்டியால் அள்ளி மேற்பக்கத் தேயிலைத் தூர்களுக்கே திருப்பிப் போடுவார்கள். வேகம் குறைந்த நீர் மண்ணைச் சுமக்காது என்ற நீரியல் விதியை, தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் தம் கைவேலையில் இப்படி நிறைவேற்றினார்கள். இன்றைய பொறியியல் வடிகட்டல், வடிகாலமைப்பு என்று பிரித்துப் பேசும் இரண்டு பணிகளும் அந்த ஒரே கானில் அடக்கம்.

1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. தலவாக்கலை சென்கூம்ஸ் அதன் நிலையான இருப்பிடமானது. மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931 இல் வெளிவந்தது. 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் மண்காப்பைச் சட்டக் கடமையாக்கியது. சமவுயரக் கோட்டில் நடுதல், மீள்நடுகைக்கு முன் மானாப் புல்லும் குவாத்தமாலாப் புல்லும் வளர்த்து நிலத்தைத் தேற்றுதல், கானோரம் வெட்டிவேர் நடுதல் ஆகியவை அந்தக் காலத்து அறிவின் விளைச்சல். 1980களின் நடுப்பகுதிக்குப் பின் உலக வங்கி பல நாடுகளில் பரப்பிய வெட்டிவேர் முறை, ஆங்கிலத்திலும் நம் சொல்லாலேயே அழைக்கப்படுகிறது.

2. பாதையும் சுவரும்

கான் பயிர்நிலத்தைக் காத்தது. மலையை வெட்டிப் பாதை போட்டபோது வேறொரு தேவை எழுந்தது. ரயில் 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. நெடிய வெட்டுச்சரிவுகளுக்கும் மண்மேடுகளுக்கும் கருங்கல் சுவர்கள் துணை நின்றன. சாந்து பூசாமல் அடுக்கிய பழைய கல்சுவர்களில் இடுக்கெல்லாம் நீர் வடிந்தது. அவற்றின் நீண்ட ஆயுளுக்கு அதுவும் ஒரு காரணம். பின்னாளில் சீமெந்துச் சாந்து அந்த இடுக்குகளை மூடிய பிறகே, சுவரில் தனியாகத் துளை விட வேண்டியதும் பின்னே மணலும் சல்லியும் கொண்ட வடிகட்டிப் படை அமைக்க வேண்டியதும் கட்டாயமாயின.

நிலத்தடி நீரின் வலிமையை வட்டவளை உணர்த்தியது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் அந்த இடத்தில் 1992 இல் ரயில் பாதையோடு சேர்ந்து மலைச்சரிவே நகர்ந்தது. அங்கே தீர்வின் மையமாக அமைந்தது சரிவின் வயிற்றில் துளையிட்டு நீரை வெளியேற்றியதுதான்.

இதற்கு முன்பே, 1986 ஜனவரி மண்சரிவுகளில் நுவரெலியா, பதுளை முதலிய மாவட்டங்களில் 51 உயிர்கள் போயிருந்தன. 1984 இல் தொடங்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியோடு 1990 அளவில் மண்சரிவு அபாய வரைபடப் பணியைத் தொடங்கியது. பதுளையும் நுவரெலியாவும் முதலில் எடுக்கப்பட்ட மாவட்டங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்று இன்று விடுக்கப்படும் அறிவிப்புகள் அந்த நிறுவனத்தின் பணியில் விளைந்தவை.

3. உலகில் துணி பிறந்த கதை

அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1958 இல் அலைத்தடுப்புக் கற்களுக்கு அடியில், மணல் படைக்குப் பதிலாக நெய்த பிளாஸ்டிக் துணி விரிக்கப்பட்டது. அந்த அனுபவத்தை ஆர்.ஜே. பரட் 1966 இல் கட்டுரையாக எழுதினார். பிரான்ஸில் ஹென்றி விடால் 1963 இல், மண்ணுக்குள் உலோகப் பட்டைகளை இட்டு வலுவூட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1970 இல் பிரான்ஸின் வல்குரோ அணையில் துணி வடிகட்டியாக இடப்பட்டது. 1977 இல் பாரிஸ் மாநாட்டில் ஜே.பி. ஜிரூ ஜியோடெக்ஸ்டைல், ஜியோமெம்பிரேன் என்ற பெயர்களைச் சூட்டினார்.

ஜியோசிந்தெடிக் குடும்பம் பெரிதானாலும் அதன் பணிகள் சிலவே. நெய்த, நெய்யாத துணிகள் மண்ணைப் பிரிக்கும், நீரை வடிகட்டும். கண்ணறைகள் கொண்ட ஜியோகிரிட் மண்ணைக் கவ்விப் பிடித்து வலுவூட்டும். ஜியோமெம்பிரேன் நீரைத் தடுக்கும். இரண்டு துணிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் உட்கூடு வைத்த வடிகால் பாய் நீரை வடிகட்டிக் கீழே கொண்டு செல்லும். துணியின் துளை மண்மணியைப் பிடிக்கும் அளவு சிறிதாகவும் நீரை விடும் அளவு பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பதே வடிகட்டல் விதி. கானுக்குள் நிறுத்திய மண்தடை நோக்கியதும் அதையே.

4. இலங்கைக்கு வந்த வழி

இலங்கையில் இந்தப் பொருட்கள் பெரிய அளவில் வேரூன்றியது தாழ்நிலத்தில். 2011 இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையும், 2013 இல் திறக்கப்பட்ட கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் சதுப்பு மண்ணைக் கடக்க வேண்டியிருந்தன. அங்கே துணி, சேற்றையும் நிரப்பு மண்ணையும் கலக்கவிடாமல் பிரித்தது.

மலைநாட்டுக்கு இவை வீதிகளின் வழியே ஏறி வந்தன. கம்பிவலைக் கூடைகளில் கல் நிரப்பிய கேபியன் சுவரின் பின்னே மண் கசியாதிருக்க விரிக்கும் துணி, இரும்புக் கம்பிகளால் தைத்த வெட்டுச்சரிவுகளின் வடிகால், புல் முளைக்கும்வரை மேல்மண்ணைப் பிடிக்கும் வலை என்று பயன்பாடுகள் பெருகின. மலைநாட்டு முதன்மை வீதிகளின் மண்சரிவுப் பாதுகாப்புக்காக யப்பானிய ஜெய்கா நிறுவனத்துடன் 2013 இல் கடன் உடன்படிக்கை ஏற்பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் மண்சரிவுத் தணிப்புத் திட்டத்துக்கு ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 2019 இல் 80 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. நுட்பம் பெருவீதிக்கு வந்துவிட்டது. அங்கிருந்து பிரிந்து மேலே ஏறும் தோட்டப் பாதையிலும் அதன் முடிவில் நிற்கும் லயத்திலும் அதைக் காண்பது இன்னும் அரிது.

5. சிக்கனத்தின் கணக்கு

லயத்துக்குப் பின்னால் 30 மீற்றர் நீளம், 3 மீற்றர் உயரத்தில் ஒரு சுவர் எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். அதன் பின்னே 30 சென்ரிமீற்றர் தடிப்பில் மணல்–சல்லிப் படை அமைக்க 27 கன மீற்றர் பொருள் வேண்டும். எடை ஏறத்தாழ 43 டன். லொறி நிற்கும் இடத்திலிருந்து ஒரு தலைச்சுமைக்கு 25 கிலோ வீதம் ஏற்றினால் 1,700 நடைக்கு மேல். அதே 90 சதுர மீற்றர் பரப்புக்கு வடிகால் பாய் விரித்தால், ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிலோ என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 90 கிலோ. நான்கு பேர் ஒரே நடையில் தூக்கிச் சென்றுவிடலாம். பாயின் விலை மணலின் விலையைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் மலையில் மணலின் உண்மையான விலை அதை வாங்கிய இடத்தில் முடிவதில்லை. ஆற்றங்கரையிலிருந்து லயத்தின் பின்சுவர்வரை அது ஏறிவரும் ஒவ்வொரு படியும் அதன் விலையில் சேரும். ஆற்று மணலை அள்ளாமல் விடுவதும் ஒரு மிச்சமே.

தோட்டப் பாதைகளிலும் கணக்கு இப்படித்தான். ஈரக் களிமண்ணில் கொட்டிய கல், கொழுந்து லொறியின் சக்கரம் அழுத்த அழுத்தச் சேற்றுக்குள் புதையும். சேறு மேலே ஏறும். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் கல் கொட்ட வேண்டும். அடியில் துணி விரித்தால் கல்லும் சேறும் கலக்காமல் பிரிந்தே நிற்கும்.

காலத்தின் கணக்கு இதைவிடக் கூர்மையானது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தில் மழை ஓய்ந்து மண்வேலைக்கு இசைவான காலம் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. அதன் பின் இடிமழை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவம். வெட்டிய சரிவை மூடாமல், கட்டிய சுவருக்கு வடிகால் இடாமல் மே மாதத்துக்குள் நுழைந்தால் அரைகுறை வேலையே ஆபத்தாகும். சமவெளி ஒப்பந்தக்காரருக்குக் காலச் சிக்கனம் இலாபம். மலையகத்தில் அது சுவருக்குக் கீழே உறங்கும் குடும்பத்தின் பாதுகாப்பு.

இது இன்றைய தேவையும்கூட. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு என்பது நெடுங்கால உரிமைக் கோரிக்கையின் பலன். ஆனால் சரிவில் கட்டும் ஒவ்வொரு தனி வீடும் மலையில் ஒரு வெட்டைக் கேட்கும். ஒவ்வொரு வெட்டும் வடிகாலைக் கேட்கும்.

6. எல்லைகளும் நார் வலையும்

துணி எல்லாவற்றையும் தாங்கிவிடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடியது போன்ற ஆழமான பெருஞ்சரிவை எந்தத் துணியும் நிறுத்தாது. அங்கே மக்களை அகற்ற வேண்டும் என்ற எச்சரிக்கை ஆண்டுகள் பலவற்றுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. அத்தகைய இடங்களில் செய்ய வேண்டியது பாதுகாப்பான காணியில் மீள்குடியேற்றம் ஒன்றே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்தபோது இந்தப் பாடம் மீண்டும் உயிர்களை விலையாக வாங்கியது.

பொருளிலும் குறைகள் உண்டு. பொலிபுரொப்பிலீன் துணி வெயிலில் கிடந்தால் நைந்துபோகும். விரித்ததும் மூட வேண்டும். மண்ணின் மணியளவைச் சோதிக்காமல் தேர்ந்தால், மைக்கா கலந்த நுண்மண் துளைகளை அடைத்துவிடும். அடைபட்ட துணி, தண்ணீரைத் தேக்கும் இன்னொரு சுவராகிவிடும்.

மேல்மண் அரிப்புக்கு மட்டுமான இடத்தில் இலங்கையிடமே நல்ல விடை இருக்கிறது. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களின் தென்னையிலிருந்து கிடைக்கும் நாரில் நெய்த வலை வெளிநாடுகளின் சரிவுகளைக் காக்க ஏற்றுமதியாகிறது. லிக்னின் செறிந்த அந்த நார் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் வெட்டிவேரோ மானாப் புல்லோ வேரூன்றிவிடும். பின் வலை மக்கி மண்ணோடு சேரும். தோட்ட மக்கள் இன்று மழைக்காலத்தில் வெடிப்பு விழுந்த சரிவின்மேல் நீலத் தறப்பாளை விரித்து, ஓரங்களில் கல் வைத்து, நீரைக் கானுக்குத் திருப்புகிறார்கள். நீர் உள்ளே இறங்கக்கூடாது என்ற அறிவு அவர்களிடம் இருக்கிறது. அதற்குரிய பொருள்தான் அவர்கள் கைக்கு எட்டவில்லை.

முடிவுரை

கானிலிருந்து கல்சுவருக்கும் அங்கிருந்து துணிக்கும் வந்த பாதையில் தத்துவம் மாறவில்லை. பொருளின் எடைதான் குறைந்தது. அந்த எடைக்குறைவே மலையகத்தில் செலவுச் சிக்கனத்துக்கும் காலச் சிக்கனத்துக்கும் ஊற்று. ஆகவே மிகக் குறுகலான பாதையின் மேல்முனையில் வாழ்பவர்களுக்கே இந்த நுட்பத்தால் அதிகப் பயன். இதுவரை அது பெருவீதியோடு நின்றுவிட்டது.

தோட்ட வீடமைப்பின் மதிப்பீட்டுத் தாளில் மூன்று வரிகள் சேர வேண்டும்: சுவரின் பின்னே வடிகால் பாய், வெட்டுச்சரிவின் மேல் நார் வலையும் புல்லும், சரிவின் உச்சியில் துப்புரவாக வைத்த கான். மூன்றாவது வரி இல்லாமல் முதல் இரண்டும் நிற்காது. மேலிருந்து பாயும் வெள்ளத்தை எடுத்துச் செல்வது, அன்று மண்வெட்டியோடு மலையேறியவர்கள் வெட்டிய அந்தக் கான்தான்.