மூட்டைக்கு இவ்வளவு: மகமை கட்டிய பள்ளிக்கூடங்கள்

விருதுநகரையும் சிவகாசியையும் பற்றிப் பேசும்போது யாரும் தவறாமல் சொல்வது உழைப்பு, சிக்கனம், ஒற்றுமை என்ற மூன்றைத்தான். மூன்றும் உண்மை. ஆனால் இவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் எதுவும் விளங்காது. தமிழ்நாட்டில் உழைக்காத சமூகம் எது? வறண்ட நிலத்தில் சிக்கனமில்லாமல் யார் பிழைத்திருக்க முடியும்? ஒற்றுமையும் தானாக முளைப்பதில்லை. கணக்கு ஒழுங்காக இருக்கும் இடத்தில் அது தங்குகிறது, கணக்கு கெட்ட இடத்தில் ஆறு மாதத்தில் கலைந்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் கோயில் வாசலில்கூட நிற்க விடாமல் ஒதுக்கப்பட்ட ஒரு வணிகக் கூட்டம், இரண்டு மூன்று தலைமுறைக்குள் பள்ளிக்கூடங்களையும் வங்கியையும் தொழிற்சாலைகளையும் கட்டியது எப்படி என்று கேட்டால், நான் காட்டுவது குணத்தை அல்ல, ஒரு வசூல் முறையை. அதன் பெயர் மகமை.

அது வேலை செய்த விதத்தைப் பார்க்க வேண்டும். தெற்கே பனங்காட்டிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றி வடக்கே வந்த நாடார் வணிகர்களுக்கு வழியில் கள்வர் பயம் இருந்தது. மாட்டு வண்டியை அவிழ்த்துவிட்டு இரவு தங்க, சுற்றுச்சுவரும் கிணறும் உள்ள பேட்டைகளை அமைத்தார்கள். சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் இவை வளர்ந்து நிலையான சந்தைகளாயின. பேட்டைக்குள் வரும் சரக்குக்கு, விற்கும்போதும் வாங்கும்போதும், மூட்டைக்கு இவ்வளவு என்று சிறு தொகை பொதுவுக்குப் பிடிக்கப்பட்டது. வியாபாரியின் பட்டியில் தரகு, ஏற்றுகூலி, சாக்கு ஆகியவற்றோடு மகமையும் ஒரு வரி. அது யாருடைய பெருந்தன்மையையும் எதிர்பார்க்கவில்லை. லாபமா நஷ்டமா என்றும் கேட்கவில்லை. பருத்தி கைமாறினால் காசு விழும், மிளகாய் கைமாறினாலும் விழும். விழுந்த காசை ஊரின் உறவின்முறை நிர்வகித்தது. குடும்பத் தலைவர்கள் அதன் உறுப்பினர்கள். முறைக்காரர் என்ற பொறுப்பை முறைவைத்து ஏற்றார்கள். பொறுப்பை விடும்போது கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். பணப்பெட்டி ஒரே கையில் தங்காது என்ற இந்த ஏற்பாடுதான், என் கணிப்பில், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. பெரிய மனிதர் ஒருவர் தம் பெயரில் கட்டும் தருமம் அவர் காலத்தோடு தேய்வதை நாம் எத்தனையோ சத்திரங்களில் பார்த்திருக்கிறோம்.

மகமை இவர்கள் கண்டுபிடித்தது அல்ல. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற இடைக்கால வணிகக் குழு எந்தெந்தச் சரக்குக்கு எவ்வளவு கோயிலுக்குச் சேரும் என்று விரிவாகப் பட்டியலிட்ட கல்வெட்டு இருக்கிறது. நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில் அவர்கள் பேரேட்டிலும் மகமைக்கு இடம் இருந்தது. அதில்தான் பல பாடல் பெற்ற தலங்கள் திருப்பணி கண்டன. மகமை என்ற அந்தப் பழைய குழாய் அதுவரை கோயில் குளத்துக்கே பாய்ந்தது. நாடார்களும் முதலில் கோயில், கிணறு, மண்டபம் என்றுதான் செலவழித்தார்கள். ஊர்ப் பெருங்கோயிலில் நுழைய முடியாதவர்கள் தங்களுக்கென்று பத்ரகாளிக்கும் மாரியம்மனுக்கும் கோயில் எழுப்பியதில் வியப்பில்லை. 1880களில்தான் அந்தக் குழாய் பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்பப்பட்டது.

விருதுநகர் க்ஷத்ரிய வித்தியாசாலை அப்படி எழுந்தது. ஊர் அப்போது விருதுபட்டி. நகர் ஆனது 1923இல். பள்ளியின் பெயரில் வருணப் பெருமை பேசும் அந்தக் காலத்து ஆசை தெரிகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் சோறு போட்டது பெருமை அல்ல. மகமை ஒரு பக்கம், பிடி அரிசி இன்னொரு பக்கம். உலைக்கு அரிசி அளக்கும் பெண், அதில் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். சேர்ந்த அரிசியை வீடு வீடாக வாங்கிக் காசாக்கிப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். வியாபாரம் உள்ள வீடு மூட்டைக் கணக்கில் கொடுத்தது. வியாபாரம் இல்லாத வீடும் பிடிக் கணக்கில் கொடுத்தது. உறவின்முறைக் கூட்டத்தில் இடமில்லாத பெண்ணின் கை, பள்ளியின் வரவுப் பக்கத்தில் இருந்தது. 1903இல் அதே ஊரில் பிறந்த காமராஜர் இந்தப் பள்ளியில்தான் படித்தார். தந்தை இறந்தபின் தொடர முடியாமல் நின்றுவிட்டார். இலவசப் பள்ளி இருந்தாலும் வீட்டில் சம்பாதிக்கும் ஆள் போனால் பையன் கடைக்குப் போக வேண்டியதுதான் என்ற உண்மையும் அந்தப் பள்ளியின் வரலாற்றில் சேர்ந்ததே.

பொதுப்பணம் எல்லாம் நேரே கல்விக்கே போகவில்லை. கமுதிக் கோயில் நுழைவு தொடர்பாக இராமநாதபுரம் சமஸ்தானத்தோடு நடந்த வழக்கு கீழ் நீதிமன்றத்திலிருந்து உயர் நீதிமன்றம் போய், லண்டன் பிரிவி கவுன்சில் வரை இழுத்தது. 1908இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. இடையில் 1899இல், கோயில் நுழைவுப் பூசலில், சிவகாசி சூறையாடப்பட்டது. உரிமை கேட்டு வழக்காடியது வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தோல்விக்குப் பிறகு பணம் போன திசை கவனிக்கத்தக்கது. 1910இல் பொறையாறு ரத்தினசாமி நாடார் முன்னின்று நாடார் மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் படிப்புக்கு உதவித்தொகை கொடுப்பதை முதல் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. 1920இல் தூத்துக்குடியில் நடந்த அதன் ஆண்டு விழாவில் எழுந்த யோசனை, 1921இல் நாடார் வங்கியாகப் பதிவானது. இன்று அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. பெயர் மாறியது 1962இல். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். இரண்டு இளைஞர்களின் துணிச்சல் என்று அந்தக் கதையைச் சொல்வது வழக்கம். துணிச்சல்தான். ஆனால் தொழில் தொடங்க ஊருக்குள்ளேயே கடனும் சரக்கு வாங்க ஆளும் நம்பிக்கையும் முன்பே இருந்தன.

இதற்கு முதல் மறுப்பு, வளர்ச்சிக்குக் காரணம் மகமை அல்ல, காலம் என்பது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது, 1876இல் மதுரையும் தூத்துக்குடியும் ரயிலால் இணைந்தன, வழிப்பறி குறைந்தது, தூத்துக்குடித் துறைமுகம் பெருத்தது. எல்லாம் சரி. ஆனால் ரயில் எல்லோருக்கும்தான் வந்தது. கரிசல் காட்டில் பருத்தி விளைந்த ஊர்கள் எத்தனையோ இருக்க, வந்த லாபத்தில் ஒரு பங்கைப் பொதுவில் பூட்டி வைத்த ஊர்கள் சில மட்டுமே. திருநெல்வேலிப் பக்கம் பனையேறிகளுக்குக் கல்வி கொண்டுபோனவர்கள் கால்டுவெல் போன்ற மிஷனரிகள். அவர்களைத் தாங்கிய பணத்தில் பெரும்பங்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆறு ஊர்களின் பள்ளிகளுக்குப் பணம் அந்த ஊர் வணிகர்களின் தராசிலிருந்தே வந்தது. இரண்டுமே படிக்க வைத்தன. ஆனால் இரண்டாவது வகையில், வாத்தியாருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. இது ஒரு சாதி தனக்குத்தானே போட்டுக்கொண்ட வரி. கொடுக்காதவனை ஊர் விலக்கம் என்ற கம்பு மிரட்டியது. இதைப் போய் சமூகக் கூட்டுறவு என்று கொண்டாடலாமா? கொண்டாட வேண்டாம். கட்டாயம் இருந்தது. மகமை கிடைத்த ஊரில் வணிகம் செழித்தது, தேரிக்காட்டில் பனை ஏறிய சாதிக்காரனுக்கு அந்தப் பணம் நெடுங்காலம் எட்டவில்லை. இன்னும் கசப்பானது சிவகாசி. பள்ளிக்காக மகமை பிடித்த ஊர்களின் வட்டாரத்திலேயே, சுற்றுக் கிராமங்களின் பல சாதிப் பிள்ளைகள் விடியுமுன் வேன் ஏறித் தீப்பெட்டி ஆலைக்குப் போனார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தன் பிள்ளைக்குப் பள்ளியும் அடுத்த ஊர்ப் பிள்ளைக்குக் குச்சி அடுக்கும் வேலையும் என்பது, எல்லை போட்ட பொதுநலம் போகக்கூடிய இடம். இதை வசூல் முறையின் குற்றமாக நான் எண்ணவில்லை. யாருக்கு உரிமை என்று வரைந்த கோட்டின் குற்றம். இரண்டையும் பிரிக்க முடியாது என்று சொல்பவர்களுக்குத் தமிழ்நாட்டு வரலாறே பதில் வைத்திருக்கிறது.

1954இல் முதலமைச்சரான காமராஜரின் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு வழிகாட்ட, பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1956இல் அது பரவலானபோது அரசு மட்டும் செலவை ஏற்கவில்லை. ஊராரும் நெல்லும் விறகும் காய்கறியும் பணமும் கொடுத்தார்கள். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சு, கரும்பலகை, சீருடை, கட்டடம் என்று ஊர்கள் கொண்டுவந்து குவித்தன. பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர் அந்த முறையிலிருந்து சாதிக் கோட்டை நீக்கி, எல்லா ஊருக்கும் விரித்தார் என்று சொன்னால் மிகையாகாது. கூடவே ஒன்றைச் சேர்த்தார்: கொடுக்க வழியில்லாத ஊர் விட்டுப்போகாதபடி பெரும்பங்கை அரசு ஏற்றது. உறவின்முறையால் ஒருபோதும் செய்ய முடியாதது அது.

ஆகவே இளைஞருக்கும் குடும்பத்துக்கும் சிறுதொழிலுக்கும் சேர்த்து உதவும் அமைப்புகளை இன்று கட்ட நினைப்பவர்கள் இந்தக் கதையின் கணக்குப் பகுதியைப் படிக்க வேண்டும். அதற்குத் தடையாக இருப்பது ஒன்று. இந்த ஊர்களைப் பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்குப் பிறகும், உறவின்முறைப் பேரேடுகளைத் தாள் தாளாக வாசித்து எழுதிய நூல் ஒன்று தமிழில் பரவலாகப் புழங்கவில்லை. எத்தனை மூட்டை, எவ்வளவு மகமை, அதில் பள்ளிக்கு எவ்வளவு, வழக்குக்கு எவ்வளவு, யார் பிள்ளைக்குச் சம்பளச் சலுகை என்பதெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருக்கும். நிர்வாகிகள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் போய்க் கேட்கவும் வேண்டும்.