ஆம்பூர், வேலூர் தோல் தொழில் வட்டாரத்தில் தொலைக்காட்சி நெடுந்தொடர்களும் பார்வையாளர்களும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டியும் சற்று விலகியும் அமைந்துள்ள ஊர்கள் தமிழ்நாட்டின் தோல் தொழில் வட்டாரம் எனப்படுகின்றன. முன்பு ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இப்பகுதி 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இவ்வட்டாரத்தின் வரலாறு எழுதப்படும்போது டேனரிகளும், பாலாற்று மாசும், 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் தவறாமல் இடம்பெறும். மாலையில் ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கிய பெண்கள் வீட்டுக்குப் போய் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்த்து அழுதார்கள், யாரைத் திட்டினார்கள் என்பது இடம்பெறுவதில்லை. அது வரலாற்றில் சேராத செய்தி என்ற எண்ணமே காரணம்.

சீரியல் பார்க்கும் பெண்களைப் பற்றி ஆசிரியர் அறைகளிலும் அலுவலகங்களிலும் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருவது ஒன்றுதான்: நடிப்பு எது, நிஜம் எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, வில்லியாக நடிப்பவரைக் கண்டால் உண்மையாகவே சாபம் விடுகிறார்கள். சாபம் விட்டது உண்மை. தெரியாமல் விட்டார்கள் என்பதுதான் ஏற்க முடியாதது.

கூத்துக் களத்தில் பழகியவர்கள்

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் தெருக்கூத்தின் தாய்நிலங்களுள் ஒன்று. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிக்கப்படும். இரவில் அதே கதை கூத்தாக ஆடப்படும். துகிலுரிதல் கூத்தில், துச்சாதனனாக வேடமிட்டவர் திரௌபதியின் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம். பார்ப்பவர்களில் சிலருக்கு அருள் வந்துவிடும். திருவிழாவின் முடிவில் வரும் படுகளத்தில் துரியோதனனின் பெரிய மண்ணுருவம் தரையில் கிடத்தப்பட்டிருக்கும். அதைத் துடைப்பத்தால் அடிப்பதும் உண்டு, அதன் அருகில் ஒப்பாரி வைப்பதும் உண்டு. ஒரே பாத்திரத்தின் மீது வெறுப்பும் இரக்கமும் ஒரே காலைப்பொழுதில் காட்டப்படுகின்றன.

துச்சாதனனாக ஆடியவர் விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் அடிப்பதில்லை. இரவில் அவரைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றிய கிழவியே காலையில் நலம் விசாரிப்பாள். பாத்திரத்தைத் திட்டுவது, கதைக்குள் பேசுவது, அழவேண்டிய இடத்தில் வெட்கப்படாமல் அழுவது ஆகியவை இப்பகுதி மக்கள் நெடுங்காலமாகக் கற்ற முறைகள். தொலைக்காட்சி வந்தபோது அவர்கள் கையில் இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருந்தது.

இந்தி தொடர்களும் உருது வீடுகளும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. வேலூர்ப் பக்கம் உயரமான ஆண்டெனாவும் பூஸ்டரும் வைத்தவர்களே படம் பார்த்தனர். படத்தைவிடப் புள்ளிகள்தான் அதிகம். 1984 ஜூலை முதல் 1985 டிசம்பர் வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'ஹம் லோக்' இந்தியாவின் முதல் நெடுந்தொடர் எனக் கருதப்படுகிறது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதியது. மெக்சிகோவில் மிகுவேல் சபிடோ என்பவர், மக்களுக்கு நல்வழி காட்டும் நோக்குடன் தயாரித்த தொடர்களே இதற்கு முன்மாதிரி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிக் கதையின் பாடத்தை விளக்குவார். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. ஆனால், பெண் எப்படி அடங்கிக் கிடக்கக் கூடாது என்று காட்டப் படைக்கப்பட்ட பகவந்தி என்ற தாயைப் பலர் சிறந்த தாய் என்றே எடுத்துக்கொண்டதைப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டனர். பாடம் நடத்தியவர் ஒன்றைச் சொல்ல, வகுப்பு வேறொன்றைப் புரிந்துகொண்டது. ஆசிரியர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல.

தமிழ்நாட்டில் இத்தொடர் பெரிதாக எடுபடவில்லை. 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருந்த மாநிலத்தில் இந்தி வசனம் எத்தனை பேருக்குப் புரியும்? தோல் தொழில் வட்டாரம் இதில் சற்று வேறுபட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் உருதுவை வீட்டுமொழியாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு 'ஹம் லோக்' மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது. 1987-இல் 'ராமாயண்' தொடங்கியபோது, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரே பெட்டியின் முன் தெருவே கூடியது. அனுமன் என்ன சொல்கிறான் என்று கேட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்கு உருது பேசும் பக்கத்து வீட்டு அக்காமார் பொருள் சொன்னதைக் கண்டிருக்கிறேன். (அத்தொடரில் சீதையாக நடித்த தீபிகா சிக்லியாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991 தேர்தலில் குஜராத்திலிருந்து ஒரே கட்சி சார்பில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நடிப்பையும் நிஜத்தையும் பிரித்தறியாத மக்கள் ராவணனுக்கு வாக்களித்திருக்க மாட்டார்கள்.)

பிரேசிலின் எடுத்துக்காட்டு

இதே காலத்தில் உலகின் மறுபுறத்தில் பிரேசில் நாட்டின் தொடர்கள் எல்லை கடந்து சென்றுகொண்டிருந்தன. குளோபோ நிறுவனம் 1976-இல் தயாரித்த 'அடிமைப் பெண் இசவுரா' என்னும் தொடர் சீனா, போலந்து, சோவியத் நாடு எனப் பல இடங்களில் ஒளிபரப்பாகி, இசவுராவாக நடித்த லூசெலியா சாந்தோஸுக்குப் பெரும் புகழ் தந்தது. ரஷ்யர்கள் தங்கள் சிறு தோட்டங்களைப் பிரேசிலின் பெரும்பண்ணைக்குரிய 'ஃபசெண்டா' என்ற சொல்லால் விளையாட்டாக அழைக்கத் தொடங்கினர். 1988-இல் தொடங்கிய 'வாலே தூதோ' தொடரில் ஒதெச்சி ஹோய்ட்மன் என்ற செல்வச் செருக்குமிக்க வில்லியைக் கொன்றவர் யார் என்ற கேள்வி, 1989 ஜனவரியில் தொடர் முடியும்வரை அந்நாட்டையே ஆட்டிப்படைத்தது. அதே தொடரில் கதாநாயகி நடத்தும் உணவுத் தொழிலின் பெயரான 'பலாதார்' என்பதையே கியூபாவில் வீட்டு உணவகங்களுக்குப் பெயராக்கிக்கொண்டனர்.

பிரேசில் தொடர் ஏழெட்டு மாதங்களில் முடிந்துவிடும். தமிழ்த் தொடர் ஆண்டுக்கணக்கில் ஓடும். அங்கே பாத்திரம் ஒரு விருந்தாளி, இங்கே குடியிருப்பவர். திட்டும் பாணியிலும் இந்த வேறுபாடு தெரியும். விருந்தாளியை யாரும் பெயர் சொல்லித் திட்டுவதில்லை.

சித்தி முதல் கோலங்கள் வரை

சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. கேபிள் இணைப்பு பரவப் பரவ, 1990-களின் இறுதியில் வார நாள்தோறும் வரும் மெகா தொடர் நிலைபெற்றது. 1999 டிசம்பர் முதல் 2001 நவம்பர் வரை வந்த 'சித்தி'யில் ராதிகா சாரதாவாக நடித்தார். சித்தி என்ற சொல் தமிழில் இரண்டு முகம் கொண்டது. தாயின் தங்கையைச் சொல்லும்போது பாசமானது. தந்தையின் இரண்டாம் மனைவியைச் சொல்லும்போது கொடுமையானது. மாற்றாந்தாய் என்றாலே சூடு வைப்பவள் என்று திரைப்படங்கள் கற்பித்திருந்த மக்களிடம், நல்லவளான ஒரு சித்தியைத் தொடர் கொண்டு வந்தது. இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்ட பெண்கள் பல தெருக்களில் உண்டு. அவர்களைப் பற்றிய பேச்சில் ஒரு மெல்லிய தளர்வு ஏற்பட்டதை அக்காலத்தில் கவனித்தவர்கள் நினைவுகூர்வார்கள்.

திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' (2002–2005) தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுக்கும் சிதம்பரம் என்ற தந்தையின் கதை. டெல்லி குமார் அப்பாத்திரத்தில் நடித்தார். சாந்தி வில்லியம்ஸ் நடித்த ராஜம் என்னும் மாமியார் வாங்கிய வசவுக்கு அளவே இல்லை. குடியாத்தம் பக்கம் மடியில் முறம் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களும், ஆம்பூரைச் சுற்றிய ஊர்களில் கம்பெனியிலிருந்து வாங்கிவந்த ஷூ அப்பர்களை வீட்டில் கையால் தைத்துக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்தாமல் இத்தொடரைப் பார்த்தனர். ஆயிரம் பீடிக்குக் கூலி, ஜோடி கணக்கில் தையல் கூலி என்ற வேலையில் கண் திரையில் இருந்தாலும் விரல் தன் வேலையைச் செய்தாக வேண்டும். ஆகவே அவர்களுடையது பெரும்பாலும் காதால் பார்க்கும் பார்வை. வசனம் உரக்கவும் நீட்டியும் பேசப்படுவதைப் படித்தவர்கள் கேலி செய்வார்கள். வேலை செய்துகொண்டே பார்ப்பவருக்கு அந்த உரத்த குரல் வசதியாக இருந்தது.

ராஜத்தைத் திட்டுவதற்கு இன்னொரு பயனும் இருந்தது. தன் மாமியார் அதே அறையில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "இப்படியும் ஒரு பொம்பளை உண்டா?" என்று திரையைப் பார்த்து ஒரு மருமகள் கேட்டுவிட முடியும். கேட்டவள் தொலைக்காட்சியைத்தான் கேட்டாள். மாமியாரும் விடுவதில்லை, மருமகள் பாத்திரத்தின் வாய்த்துடுக்கைப் பற்றி அவர் தம் கருத்தைச் சொல்வார். நேரில் பேசினால் வீடு இரண்டாகும் செய்திகள் ராஜத்தின் பெயரால் பேசப்பட்டன. நடிப்பு என்பது தெரிந்திருந்ததால்தான் இது முடிந்தது. இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. மனைவியைப் படுத்தும் மகன் மாணிக்கத்தைவிட அவன் தாய்க்கே வசவு அதிகம் விழுந்தது. பழியைப் பெண் தலையில் வைக்கும் வழக்கத்தைத் தொடர்கள் மாற்றவில்லை, வளர்த்தன.

திருச்செல்வம் இயக்கிய 'கோலங்கள்' 2003 நவம்பர் முதல் 2009 டிசம்பர் வரை ஓடியது. தேவயானி நடித்த அபி, தன் உழைப்பால் குடும்பத்தைத் தாங்கும் பெண். அவள் சம்பாத்தியத்தில் வாழ்பவர்களே அவளைக் குத்திப் பேசுவார்கள். ஷூ கம்பெனிகளில் பெண்களே பெருமளவில் வேலை செய்யும் வட்டாரத்தில் இது யாருக்கும் விளக்க வேண்டிய கதை அல்ல. தம்பி படிப்பு, தங்கை கல்யாணம், அப்பா வாங்கிய கடன் என்று சம்பள உறை பிரிக்கப்படும் முன்பே செலவாகிப்போனவர்கள் அபியை "நம்ம அபி" என்றனர். அஜய் கபூர் நடித்த ஆதித்யாவை வெறுத்ததைவிட, அபியின் வீட்டார்மீது அவர்களுக்கு இருந்த கோபம் கசப்பானது. அபி தன் கணவன் பாஸ்கரைப் பிரிந்தது சரியா என்பது மறுநாள் வேனில் விவாதிக்கப்பட்டது. விவாகரத்து என்ற சொல்லை இழிவாகக் கருதாமல் பேச இந்த விவாதம் இடம் தந்தது என்று என் முன்னாள் மாணவிகள் சிலர் பின்னாளில் என்னிடம் சொன்னதுண்டு.

உருது வீட்டுப் பெண்களும் இத்தொடர்களைத் தமிழிலேயே பார்த்தனர். 1980-களில் தமிழருக்கு இந்தி வசனத்தை விளக்கியவர்கள், இப்போது வட்டார வழக்குச் சொல் ஏதேனும் புரியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டனர். எனினும் அவர்கள் வீடுகளைப் போன்ற ஒரு வீட்டையோ, ஒரு டேனரியையோ, ஷூ கம்பெனியையோ கதைக்களமாக்க இத்தொடர்கள் முன்வரவில்லை. பங்களா, கார், கம்பெனிப் பங்கு, உயில் ஆகியவற்றைச் சுற்றியே கதை நகர்ந்தது. வீடு மாறினாலும் வீட்டுக்குள் நடக்கும் அநியாயம் மாறவில்லை என்பதால் பார்வையாளர்கள் அதைப் பொறுத்துக்கொண்டனர்.

ஆய்வு சொல்வது

2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியபின் பெட்டி இல்லாத வீடு அரிதாயிற்று. பின்னர் வந்த மின்வெட்டுக் காலத்தில், விட்டுப்போன பகுதியை மின்சாரம் இருந்த ஊர்க்காரப் பெண்கள் வேனில் சொல்லக் கேட்டுக்கொண்டனர். நன்றாகக் கதை சொல்பவர் பக்கத்தில் உட்காரப் போட்டி இருந்தது.

பொருளியல் அறிஞர்கள் ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் சில பகுதிகளில் 2001 முதல் 2003 வரை திரட்டிய தரவுகளைக் கொண்டு எழுதிய ஆய்வு 2009-இல் வெளியானது. கேபிள் இணைப்பு வந்த ஊர்களில், கணவன் மனைவியை அடிப்பது சரி என்று சொன்ன பெண்களின் அளவும் ஆண் குழந்தையே வேண்டும் என்ற விருப்பமும் குறைந்ததாக அவர்கள் கண்டனர். பிரேசிலிலும் குளோபோ ஒளிபரப்பு எட்டிய பகுதிகளில் பிறப்பு வீதம் குறைந்ததாகத் தனியொரு ஆய்வு உண்டு; அங்குள்ள தொடர்களின் நாயகியருக்குக் குழந்தைகள் குறைவு. தமிழ்த் தொடர்களின் நாயகியரோ அடியும் வசவும் வாங்குபவர்கள். அவற்றைப் பார்த்தவர்கள் அடியை ஏற்கத் தயங்கியது எப்படி? அடி வாங்குபவளுக்காக ஊரே சேர்ந்து கோபப்பட்டதை அவர்கள் நாள்தோறும் கேட்டதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். திரை சொன்னதைவிடத் திரைக்கு முன் பேசப்பட்டது கூடுதலாக வேலை செய்திருக்க வேண்டும்.

அண்ணியார், குணசேகரன்

'தெய்வமகள்' (2013–2018) தொடரில் ரேகா கிருஷ்ணப்பா நடித்த காயத்ரியை நாயகியைவிட அதிகம் பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய 'அண்ணியார்' என்ற அழைப்பு, அதிகாரம் செய்யும் எந்தப் பெண்ணுக்கும் பட்டப்பெயராயிற்று. கைபேசி பரவியதால் வசவு மீம்களாக மாறியது. அதனுடன் ரசிப்பும் சேர்ந்துகொண்டது. 2020 ஊரடங்கில் 'மெட்டி ஒலி' மீண்டும் ஒளிபரப்பானபோது, ஷூ கம்பெனிகள் மூடிக் கிடக்க, பகலில் வீட்டிலிருந்த பெண்கள் மகள்களுடன் அதை இரண்டாம் முறை பார்த்தனர். ஐந்து மகள்களில் யார்மீதும் அல்லாமல் சிதம்பரத்தின் மீதுதான் இம்முறை அழுகை வந்தது என்றனர் சிலர். அவர்களுக்கும் வயதாகியிருந்தது.

2022-இல் திருச்செல்வம் 'எதிர்நீச்சல்' தொடரைத் தொடங்கினார். வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் ஆதி குணசேகரனாக இயக்குநர் மாரிமுத்து நடித்தார். இங்கே கொடுமைக்காரர் மாமியார் அல்ல, ஓர் ஆண். வசவு இம்முறை உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பேசும் விதம் சிரிப்பையும் மூட்டியதால் திட்டிக்கொண்டே காத்திருந்தார்கள். 2023 செப்டம்பர் 8 காலையில், அத்தொடருக்கான குரல் பதிவின்போது மாரிமுத்து மாரடைப்பால் காலமானார். அன்று மாலை வேன்களில் குணசேகரனைப் பற்றிப் பேச்சில்லை. மாரிமுத்துவின் பிள்ளைகளைப் பற்றியும், அவர் பட்ட சிரமங்களைப் பற்றியும் பேசினார்கள். முந்தின நாள்வரை அவருக்கு நெட்டி முறித்தவர்கள் அவர்கள். பிறகு வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். அவர் நல்ல நடிகர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை; ஆனால் அவரைத் திட்ட இவர்களுக்குச் சில வாரங்கள் வாய் வரவில்லை.