செயலிகளின் வலு மேலாண்மை

கணினிச் செயலியின் மின்னழுத்தத்தையும் துடிப்பு வேகத்தையும் வேலைப்பளுவுக்கும் வெப்பத்துக்கும் ஏற்பக் கூட்டிக் குறைக்கும் நுட்பங்கள் இப்பெயரால் அழைக்கப்படுகின்றன. சீமாஸ் வகைச் சில்லில் டிரான்சிஸ்டர்கள் நிலைமாறும்போது செலவாகும் வலு, துடிப்பு வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதமானது. எனவே மின்னழுத்தத்தைக் குறைப்பதிலேயே ஆதாயம் அதிகம்.

வரலாறு: டிரான்சிஸ்டர் சிறுக்கும் விகிதத்திலேயே மின்னழுத்தத்தையும் குறைத்தால், சில்லின் ஒரு சதுர மில்லிமீற்றரில் எழும் வெப்பம் கூடாது என்று 1974இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்ட் குழுவினர் காட்டினர். சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஷெங், பிராடர்சன் ஆகியோருடன் 1992இல் வெளியிட்ட கட்டுரை அடுத்த படி. ஒரே சுற்றை இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் பாதி வேகத்தில் ஓட்டினால் 5 வோல்ட்டுக்குப் பதில் 2.9 வோல்ட் போதும். மொத்த வேகம் குறையாமலே வலு ஏறத்தாழ 36 சதவீதமாக இறங்கும் என்றது அது. அதற்கு விலை, கூடுதல் சில்லுப் பரப்பு.

2000இல் இன்டெல் மடிக்கணினிகளுக்கு ஸ்பீட்ஸ்டெப்பைக் கொண்டுவந்தது. 650 மெகாஹேர்ட்ஸ் பென்டியம் 3, பற்றரியில் 500 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்கும், மின்னழுத்தமும் 1.6 வோல்ட்டிலிருந்து 1.35 ஆகும். வேகத்தில் கால்வாசி கூடக் குறையாது. நிலைமாற்ற வலுவோ கிட்டத்தட்ட பாதியாகும்.

இதற்கிடையே டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறுத்ததால், அவை ஓய்ந்திருக்கும்போதும் மின்னோட்டம் கசிந்தது. அதனால் மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலவில்லை. 2004இல் 3.8 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 செயலிக்கு 115 வாட் வெப்பத்தை அகற்ற வேண்டியிருந்தது. 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் அவ்வாண்டே கைவிட்டது. ஒரே கருவின் வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஒரே செயலியில் இரு கணிப்புக் கருக்களை வைக்கும் இரட்டைக் கருச் செயலிகள் 2005 முதல் பரவின. வெப்பத்தில் இடமிருக்கும்வரை வேகத்தைத் தானே உயர்த்தும் டர்போ பூஸ்ட் 2008இலும், பெரிய, சிறிய கருக்களுக்கு வேலையைப் பிரித்துத் தரும் ஆர்ம் நிறுவன வடிவமைப்பு 2011இலும் வந்தன.

வெப்ப நிலங்களில்: சுற்றியுள்ள காற்று சூடாக இருந்தால் செயலியின் வெப்பம் வெளியேறுவது மந்தமாகும், எல்லை தாண்டும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐபோனுக்கு ஆப்பிள் குறித்துள்ள சூழல் வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. இலங்கையின் உலர் வலயத்திலுள்ள மன்னாரில், ஆகஸ்ட் 15 மடு மாதா தேவாலயத் திருவிழா வெயிலில் காணொளி பிடிக்கும் கைப்பேசி இந்த எல்லையை எளிதில் தொடும். அதை நிழலில் வைப்பதும், வெயிலில் சார்ஜ் ஏற்றாதிருப்பதும், மடிக்கணினி விசிறியில் படியும் தூசியை அகற்றுவதும் செயலி இழந்த வேகத்தை மீட்டுத் தரும்.