கனலெட்டோவின் கல்லும் குவார்டியின் நீரும்

வெனிஸை வரைந்தே பெயர் வாங்கியவர்கள் கனலெட்டோவும் (1697–1768) பிரான்செஸ்கோ குவார்டியும் (1712–1793). இருவரும் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ஆனாலும் இவர் கண்ட ஊரை அவர் காணவில்லை.

லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள ‘கல்தச்சர் முற்றம்’ கனலெட்டோ 1725 வாக்கில் வரைந்தது. சான் விடால் தேவாலயத் திருப்பணிக்கான கற்கள் திடலெங்கும் கிடக்கின்றன. இடதுபுறம் ஒரு குழந்தை இடறி விழ, தாய் கைநீட்டிப் பாய்கிறாள். ஜன்னல் விளிம்பில் ஒரு சேவல். மாடியில் ஒருத்தி நூல் நூற்கிறாள். காரை பெயர்ந்த சுவர்களின் ஈரம் கையில் ஒட்டும் போலிருக்கிறது. பெருங்கால்வாய்க்கு அக்கரையில் நிற்கும் மணிக்கூண்டு 1744இல் இடிந்தே போயிற்று.

இந்தக் கனலெட்டோவைத்தான் எனக்குப் பிடிக்கும். பிறகு, ஜோசப் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் வழியாக, சுற்றுலா வந்த சீமான்கள் படம் கேட்டுக் குவிந்தார்கள். வானம் எப்போதும் வெளுத்தது. அலைகள் ஒரே அச்சில் வார்த்த வெள்ளைக் கீற்றுகளாயின. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரால் பயணிகள் வரத்துக் குறைய, 1746இல் அவரே இங்கிலாந்துக்குப் போனார்.

குவார்டிக்கு அப்படியொரு புரவலர் வாய்க்கவில்லை. நாற்பதைத் தாண்டித்தான் நகரக் காட்சிகளுக்கு வந்தார். மிலானின் போல்தி பெத்சோலி அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய சிறிய படம் ஒன்றில் காயல் நீரும் வானமும் ஒரே சாம்பல் பச்சை. நடுவே ஒரு கோண்டோலா; துடுப்புக்காரர் இரண்டு மூன்று தீற்றல்கள்தாம். தொலைவில் ஊர் வெறும் கோடாகக் கிடக்கிறது. தண்ணீரை வைத்து மதிப்பிட்டால் குவார்டிக்கே என் ஓட்டு.

ஆனால் கல்லுக்குக் கனலெட்டோதான் சாட்சி. கட்டடங்களைச் சற்றே நகர்த்தி வரையும் வழக்கம் அவருக்கு உண்டு. சுவரில் படிந்த பாசிக் கோட்டை மட்டும் கவனமாகத் தீட்டினார். அவரும் அவர் மருமகன் பெலோட்டோவும் வரைந்த அக்கோடுகளை இன்றைய சுவர்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அன்றிலிருந்து நீர்மட்டம் ஏறக்குறைய 60 செ.மீ. உயர்ந்திருப்பதாகக் கணித்தார்கள். குவார்டியின் படங்களில் அப்படி அளக்க ஒன்றும் சிக்காது.

1789 நவம்பரில் சான் மார்குவோலாவில் எண்ணெய்க் கிடங்கு தீப்பிடித்து, எரியும் எண்ணெய் கால்வாயில் பரவியது. எழுபத்தேழு வயதில் குவார்டி அதை வரைந்தார். படத்தின் அடியோரம் நெடுக மக்கள் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். கூரைகளின் மேல் சில ஆட்கள். புகையும் சுவாலையும் எந்தச் சுவருக்கும் திட்டமான விளிம்பை விட்டுவைக்கவில்லை. கனலெட்டோவின் தூரிகைக்கு இந்த இரவு வசப்பட்டிருக்காது.