ஒரு வெள்ளி போகும் வழி

மலேசியாவில் கோலா சாவா போன்ற சின்ன டவுனில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. குளிர்பெட்டியின் தலையில் மின்னல் எஃப்எம்மோ ராகாவோ அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். அந்தப் பாட்டுக்குக் காசு கேட்டு ஒரு கடிதம் வந்தால் கடைக்காரருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். "ரேடியோக்காரன் கட்டிட்டானே, நான் எதுக்கு இன்னொரு தடவை கட்டணும்?"

கேள்வி பழையது. 1847இல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் கஃபே தெ அம்பாசதேர் என்ற கடையில் உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணீர் குடித்தார். அங்கே வாசித்துக்கொண்டிருந்தது அவரும் நண்பர்களும் உருவாக்கிய பாட்டு. என் பாட்டுக்கு நீ காசு தரவில்லை, உன் தண்ணீருக்கு நான் தரமாட்டேன் என்று எழுந்துவிட்டார். வழக்கு போனது, நீதிமன்றம் பாட்டுக்காரர் பக்கம் நின்றது. 1851இல் சாசெம் என்ற சங்கம் பிறந்தது. இன்று உலகம் முழுக்க வசூலிக்கப்படும் உணவகக் கட்டணத்துக்கு மூலம் அந்த ஒரு கோப்பைத் தகராறுதான். 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஷான்லி என்ற உணவகம், இசைக்கென்று தனியாகக் கட்டணம் வாங்கவில்லையே என்று வாதாடிப் பார்த்தது. வருகிறவர்கள் கொடுக்கும் சாப்பாட்டு விலையிலேயே இசையும் அடக்கம் என்று நீதிபதி ஹோம்ஸ் சொல்லிவிட்டார்.

மலேசியாவில் இந்தக் கட்டணத்துக்கு ஆதாரம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் வசூல் அமைப்புகள் வந்துவிட்டன: ஒலிப்பதிவு நிறுவனங்களுக்காக பிபிஎம், இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் அவர்களது பதிப்பாளர்களுக்குமாக எம்ஏசிபி. சட்டத்தின் கண்ணுக்கு ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து. மெட்டும் வரியும் ஒன்று, அவற்றைப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. கல்யாண மண்டபத்தில் இசைக்குழு மேடையேறிப் பாடினால் முதல் சொத்துக்கு மட்டும் கட்டணம். அதே மண்டபத்தில் ஒலிப்பதிவைப் போட்டால் இரண்டுக்கும். பிறகு பாடியவர், வாசித்தவர் உரிமைக்கென்றும் ஓர் அமைப்பு வந்து சேர்ந்தது. கடைக்காரருக்கு எரிச்சல் வருவது தொகையைப் பார்த்து மட்டுமல்ல, வாசலில் வந்து நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்தும்தான்.

ரேடியோ கேள்விக்கு விடை இதுதான்: வானொலி நிலையம் கட்டுவது ஒலிபரப்புவதற்கு. வீட்டில் போட்டுக் கேட்டால் அது சொந்தக் காரியம். அதே பெட்டியைக் கடையில் வைத்தால் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டியதாகக் கணக்கு. இந்த அளவுக்கு எனக்கு மறுப்பில்லை. மிளகாய்த்தூளுக்குக் காசு கொடுக்கிறோம், கேஸுக்குக் கொடுக்கிறோம்.

என் மறுப்பு அதற்கு அப்புறம். கடைக்காரர் கொடுத்த வெள்ளியில் முதலில் நிர்வாகச் செலவு கழியும். மிச்சத்தைப் பங்கு போட வேண்டும். ஆனால் அந்தக் கடையில் என்ன பாட்டு ஓடியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் உலகெங்கும் வசூல் சங்கங்கள் வழக்கமாகச் செய்வது, ஒலிபரப்பு நிலையங்களின் பாடல் பட்டியலை வைத்து உத்தேசமாகப் பிரிப்பது. அப்படிப் பிரித்தால் காலை முதல் ராத்திரி வரை தமிழ்ப் பாட்டு மட்டுமே போட்ட தோட்டப்புறத்துக் கடையின் காசில் பெரும்பங்கு மலாய், ஆங்கிலப் பாட்டுகளுக்குப் போய்விடலாம்.

சரி, கொஞ்சம் தமிழ்ப் பாட்டுக்கே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது பழைய சினிமாப் பாட்டாக இருந்தால் காசு இந்தியாவுக்குக் கடல் தாண்ட வேண்டும். இந்தியச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸின் கையில் சேர வேண்டும். அங்கே 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. தயாரிப்பாளர் காசு கொடுத்துப் படத்துக்காகச் செய்வித்த பாட்டென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருக்கே. எத்தனையோ மெட்டுகள் அப்படியே கைமாறிப் போயின. 2012இல் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் போராடிச் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். அதன்பின் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய சமபங்கை எழுதி வாங்க முடியாது. ஐபிஆர்எஸ் புதிய விதிப்படி பதிவானது 2017இல்.

இளையராஜாவுக்கும் எக்கோ, மலேசியாவின் அகி மியூசிக் உள்ளிட்ட நிறுவனங்களுக்கும் இடையே நடந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பு சொன்னது. பாட்டு யாருடையது என்பதே இத்தனை ஆண்டு வழக்காக இழுக்கும்போது, கோலா சாவாவிலிருந்து கிளம்பிய சில காசு யார் வீட்டு வாசலில் இறங்கும்? அந்த வகையில் உள்ளூரில் எழுதி இசையமைக்கும் மலேசியத் தமிழர் பாட்டுக்கு வழி சிக்கலில்லை. அவர் எம்ஏசிபி உறுப்பினராக இருந்து, பாட்டையும் பதிந்து வைத்திருந்தால் காசு கடல் தாண்டவே வேண்டியதில்லை. உணவகக்காரர்கள் உள்ளூர்ப் பாட்டையும் கொஞ்சம் போடலாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள் பயப்படத் தேவையில்லையா என்று கேட்பார்கள். இலாப நோக்கமில்லாத மன்றமோ அமைப்போ, நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில், அறப்பணிக்காகவோ கல்விக்காகவோ நடத்துவதற்கு மலேசியச் சட்டத்தில் விலக்கு உண்டு. டிக்கெட் போட்டு நடத்தும் கலைநிகழ்ச்சி அதில் சேராது.

2012இல் மலேசியச் சட்டத்திலும் திருத்தம் வந்தது. அதன்பின் வசூல் அமைப்பாகச் செயல்பட, மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகமான மைஐபிஓவின் கீழுள்ள பதிப்புரிமைக் கட்டுப்பாட்டாளரிடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். கட்டண விகிதத்தில் தகராறு என்றால் பதிப்புரிமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. கடிதத்தோடு யாராவது கடைக்கு வந்தால் ஒரு தே தாரே போட்டுக் கொடுத்துவிட்டு, அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லலாம். கட்டணம் போட நாற்காலியை எண்ணுவதற்கு முன், காசை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்றும் கேட்கலாம்.