2016 சதர்ன் கலிபோர்னியா ட்ரோஜன்ஸ் கால்பந்துப் பருவம்

2016ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பருவத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழக (யூ.எஸ்.சி.) அணியான ட்ரோஜன்ஸ், முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றில் தோற்றது. அதன்பின் தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களை வென்று, 10 வெற்றி, 3 தோல்வியுடன் பருவத்தை முடித்தது. தலைமைப் பயிற்சியாளர் கிளே ஹெல்டன்.

தொடக்கச் சரிவு

செப்டம்பர் 3 அன்று டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் அலபாமாவிடம் 52–6 எனத் தோற்றது. 1966இல் நோட்ர டேமிடம் 51–0 எனத் தோற்ற பிறகு அணிக்கு இவ்வளவு பெரிய தோல்வி நேர்ந்ததில்லை. யூட்டா ஸ்டேட்டை வென்றாலும், அடுத்து ஸ்டான்ஃபோர்டிடம் 27–10 என வீழ்ந்தது.

குவார்ட்டர்பேக் மாற்றம்

முதல் மூன்று ஆட்டங்களைத் தொடங்கிய மேக்ஸ் பிரவுனுக்குப் பதிலாக இளம் வீரர் சாம் டார்னால்டு களமிறக்கப்பட்டார். அவர் தொடங்கிய முதல் ஆட்டமும் தோல்விதான்: யூட்டா அணி கடைசி 16 நொடிகள் இருக்கையில் டச் டவுன் எடுத்து 31–27 என வென்றது. ஆனால் அந்தப் பருவத்தில் யூ.எஸ்.சி. தோற்றது அதுவே கடைசி.

மீட்சி

அக்டோபர் 1 அன்று அரிசோனா ஸ்டேட்டை 41–20 எனத் தோற்கடித்ததில் வெற்றிகள் தொடங்கின. நவம்பர் 12 அன்று, அதுவரை தோல்வியே காணாத வாஷிங்டனை அதன் சொந்த மைதானத்திலேயே 26–13 என வீழ்த்தியது. தொடர்ந்து உள்ளூர் எதிரியான யூ.சி.எல்.ஏ.வையும் (36–14), நோட்ர டேமையும் (45–27) வென்றது. தற்காப்பு ஆட்டக்காரர் அடோரி ஜாக்சன் ஜிம் தார்ப் விருது பெற்றார்.

தொடக்கத் தோல்விகளின் விலையாக, பேக்-12 கூட்டமைப்பின் தெற்குப் பிரிவில் கொலராடோவுக்கு அடுத்த இடமே கிடைத்தது. எனினும், கூட்டமைப்பின் சாம்பியனான வாஷிங்டன் தேசிய அரையிறுதிக்குச் சென்றதால், வழக்கமாகச் சாம்பியனுக்குரிய ரோஸ் பௌல் ஆட்ட வாய்ப்பு யூ.எஸ்.சி.க்கு வந்தது.

ரோஸ் பௌல்

2017 ஜனவரி 2 அன்று பாசடீனாவில் பென் ஸ்டேட்டை எதிர்கொண்டது. இடைவேளையில் யூ.எஸ்.சி. 27–21 என முன்னிலை வகித்தது. மூன்றாவது கால்பகுதியில் மட்டும் பென் ஸ்டேட் 28 புள்ளிகள் குவித்து, 49–35 என முந்தியது. இறுதிக் கால்பகுதியில் அந்த அணியால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. 1 நிமிடம் 20 நொடிகள் எஞ்சியிருந்தபோது டார்னால்டு வீசிய பந்தை டியான்டே பர்னெட் டச் டவுனாக்க, கூடுதல் புள்ளியுடன் ஆட்டம் 49–49 எனச் சமனானது. அடுத்து லியான் மெக்குவே எதிரணி வீசிய பந்தை இடைமறித்துப் பிடித்தார். நேரம் முடியும் தறுவாயில் மேட் போர்மீஸ்டர் 46 கெஜத் தொலைவிலிருந்து உதைத்த ஃபீல்ட் கோல் 52–49 என வெற்றி தேடித் தந்தது. டார்னால்டு 453 கெஜங்களும் ஐந்து டச் டவுன்களும் வீசியிருந்தார்.

அசோசியேட்டட் பிரஸ் இறுதித் தரவரிசையில் யூ.எஸ்.சி. மூன்றாம் இடம் பிடித்தது.